பத்து மணிக்கு இடப்பக்கம்

மணிக்கூண்டைக் கவிழ்க்க இரண்டே தாள் போதும் என்று அவள் நம்பினாள். ஒன்று, அப்பாவின் கட்டில் காலில் தொங்கிய அட்டவணையின் நகல். மற்றொன்று, ஸ்கேன் அறை ரிஜிஸ்டரில் ஒரு பக்கத்தின் நகல். இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறையைக் கைப்பைக்குள் வைத்து, நாற்பது நாளாக அந்தப் பையை விட்டு அவள் நகரவில்லை. தூங்கும்போதும் பை தலைமாட்டில்தான். வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அதுக்கும் ஒரு தலையணை எடுத்துப் போடட்டுமா?" என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா போனதிலிருந்து அவளுக்கு வந்ததெல்லாம் ஆத்திரம் ஒன்றுதான்.

மணிக்கூண்டு என்றதும் கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பெண்மணி. கீழ்த்தளத்துப் பொது மருத்துவ வார்டின் பொறுப்பு நர்ஸ். நல்ல உயரம். வார்டின் நட்டநடுவில் நின்றுகொண்டு, "பத்து ஆச்சு! பக்கம் மாத்தியாச்சா?" "பன்னெண்டு ஆச்சு! பக்கம் மாத்தியாச்சா?" என்று குரல் கொடுப்பாள். சுவர்க் கடிகாரம் நின்றாலும் நிற்கும், அந்தக் குரல் நிற்காது. அவள் மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட மூன்று சான்றிதழ்கள் வரிசையாகத் தொங்கின: படுக்கைப்புண் இல்லாத வார்டு, தொடர்ந்து மூன்று வருடம். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியின் நர்ஸ்களுக்கெல்லாம் தலைமை நாற்காலியில் உட்காரப் போகிறவள். அதில் அவள் உட்காரக் கூடாது. பையோடு திரிந்த நம் கதைக்காரிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கதைக்காரியும் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாடியில் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டு. அதனால் எல்லாருக்கும் அவள் 'சர்ஜரி சிஸ்டர்'. வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம். அதில் முதல் இரண்டு வருடம் மணிக்கூண்டின் கீழே கழிந்தது. ஊசி போடுவதிலிருந்து சார்ட் எழுதுவதுவரை தொழிலை அங்கேதான் கற்றாள்.

அப்பா முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு நாள் காலை சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பாதிக் கன்னத்தில் நுரை, கையில் ரேசர். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. கீழ்த்தள வார்டில் சேர்த்தார்கள். முதல் நாளே மணிக்கூண்டு சொல்லிவிட்டாள்: "இங்க நீ நர்ஸ் இல்ல, மகள். மகளா வா, மகளா போ. எங்க ஆளுங்க பார்த்துப்பாங்க."

அது தப்பான பேச்சும் இல்லை. ஒருத்தி வார்டில் இன்னொருத்தி கை வைப்பது, சம்பந்தி வீட்டு அடுப்படிக்குள் புகுந்து பானையைத் திறந்து பார்ப்பது மாதிரி. தொழிலில் அந்த மரியாதை உண்டு. ஆகவே தினமும் மாலை நாலு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், மற்றவர்களைப் போலப் போவாள். போனதும் முதலில் கட்டில் காலில் தொங்கும் பொசிஷன் சார்ட்டை எடுத்துப் படிப்பாள். புரண்டு படுக்க முடியாத நோயாளியை இரண்டு மணிக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். மாற்றியதும் அந்த மணிக்கான கட்டத்தில் இடது, மல்லாக்க, வலது என்று எழுதி, நர்ஸ் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவின் சார்ட்டில் ஒரு கட்டமாவது காலியாக இருக்கவேண்டுமே! எட்டு மல்லாக்க, பத்து இடது, பன்னிரண்டு வலது. படித்துவிட்டு, திருப்தியாக அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

அப்பா அந்தக் கையை உருவிக்கொண்டு கட்டில் கம்பியைத் தட்டுவார். டொக், டொக், டொக். தண்ணீர் கொடுப்பாள். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் தட்டுவார். மின்விசிறியைக் கூட்டுவாள், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிடுவாள். மறுபடியும் தட்டுவார். "என்னப்பா, பஸ்ஸை நிறுத்தணுமா?" என்று ஒரு நாள் கேலிகூடச் செய்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கேலியை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் வாயில் தானே போட்டுக்கொள்ளத் தோன்றும்.

பதினோராம் நாள் தம்பி வந்தான். வெளியூரில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன், ஆஸ்பத்திரி என்றாலே பயப்படுகிறவன். அவனுக்குச் சார்ட் படிக்கத் தெரியாது. வந்து நின்றதும் மூக்கைச் சுளித்தான்.

"அக்கா, அப்பாகிட்ட ஏதோ வாடை அடிக்குது."

அவள் வாயைத் திறப்பதற்குள் போர்வையை விலக்கி அப்பாவை ஒருக்களித்துப் புரட்டிவிட்டான். முதுகின் அடியில், இடுப்பெலும்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. அது ஒரு நாளில் வந்த புண் இல்லை, ஒரு வாரத்துப் புண். தம்பி அவளைப் பார்த்தான்.

"நீ நர்ஸ்தானேக்கா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் புரியாமல் கேட்டான். ஒன்றும் தெரியாத மகளாக இருந்திருந்தால் அவளும் போர்வையைத் தூக்கிப் பார்த்திருப்பாள். தெரிந்தவள் என்பதால் அப்பாவின் முதுகைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தாள்.

புண்ணிலிருந்து விஷம் ரத்தத்தில் ஏறி, பத்தொன்பது நாள் கழித்து அப்பா போய்விட்டார். துக்கம் கேட்க வந்த மணிக்கூண்டு அவள் தோளில் கை வைத்து, "சர்க்கரை உடம்பு. புண்ணு வரத்தான் செய்யும். நல்லவேளை, சார்ட்டெல்லாம் பக்காவா இருக்கு" என்றாள். அந்தக் கை தோளில் இருக்கும்போதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

மகள் என்ற உரிமையில் நகல் கேட்டு விண்ணப்பம் எழுதினாள். திருட்டுத்தனம் எதுவும் இல்லை, எல்லாம் முறைப்படி. அழுத்தி எழுதியதில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. பதிவு அறையில் இருந்த பெரியவர் இன்னொரு தாள் கொடுத்து, "மெதுவா எழுதும்மா, மேசையில ஓட்டை விழுந்துடப் போகுது" என்றார்.

பதினோரு நாளின் சார்ட்டையும் மூன்று நாள் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். குறை என்று சொல்ல ஒரு புள்ளி இல்லை. நாலாவது நாள்தான் கண் திறந்தது. ஆறாம் தேதி: பத்து மணிக்கு இடப்பக்கம், பன்னிரண்டு மணிக்கு வலப்பக்கம். ஆறாம் தேதி அந்த நேரத்தில் அப்பா எங்கே வார்டில் இருந்தார்? ஸ்கேன் அறை வாசலில் அல்லவா ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கக் கிடந்தார்! அவளே பக்கத்தில் நின்றாள். மிஷின் பழுதாகி, சரியாகி, மூன்று மணி நேரம் ஆயிற்று. விழுந்தடித்துக்கொண்டு போய் ஸ்கேன் ரிஜிஸ்டருக்கும் விண்ணப்பம் போட்டாள். அதில் அழகாக இருந்தது: வந்தது 9.40, போனது 12.40. திருடன் கையும் களவுமாக அகப்பட்டான். அன்று அவள் அப்பா போனபிறகு முதன்முறையாக இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

புகார் கொடுத்தாள். விசாரணைக் குழு கூடியது. நீள மேசை, மூன்று பேர், நடுவில் பெரிய டாக்டர். அவள் உறையைத் திறந்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் மணியைத் தொட்டுக் காட்டினாள். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்த மணிக்கூண்டின் முகத்தையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் இடிந்து விழும் கணத்துக்காக அல்லவா நாற்பது நாள் காத்திருந்தாள்.

முகம் விழவில்லை.

"பொய்ப் பதிவுதான் சார். மன்னிக்கவே முடியாத தப்பு" என்றாள் மணிக்கூண்டு. "ஆனா இதுல என் கையெழுத்து எங்க இருக்கு?"

இல்லை. பதினோரு நாளில் எங்குமே இல்லை. ஆறாம் தேதிக் கட்டங்களில் இருந்தது கான்ட்ராக்ட் அக்காவின் கையெழுத்து. நாற்பதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகளின் தாய், வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் வேலை. ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

"நான் மணிக்கு மணி குரல் கொடுக்கிறவ. வார்டே கேட்டிருக்கு. செய்யாதவங்கதான் பதில் சொல்லணும்" என்றாள் மணிக்கூண்டு.

கான்ட்ராக்ட் அக்காவைக் கூப்பிட்டார்கள். கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே வந்து நின்றார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க சார்."

"இப்படி எழுதச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

அக்கா மணிக்கூண்டைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "இல்லீங்க சார்."

டாக்டர் பெருமூச்சு விட்டு, கால் மணி நேரம் கழித்து முடிவு சொல்வதாக எழுந்தார். என்ன முடிவு என்று அறைக்கு வெளியே இருந்த பியூனுக்கே தெரியும். கான்ட்ராக்ட் அக்காவின் வேலையும் போகும், நர்ஸ் பதிவும் போகும். மணிக்கூண்டு அடுத்த மாதம் நாற்காலியில் உட்காருவாள்.

வராந்தாவில் ஜன்னலோரம் கான்ட்ராக்ட் அக்கா நின்றிருந்தார். உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் நம் சர்ஜரி சிஸ்டருக்கு இந்த ஆளே போதும் என்று தோன்றியது. அப்பாவைத் திருப்பாத கை இதுதானே? அருகே போய்க் கேட்டாள்.

"எங்கப்பாவைத் திருப்பவே இல்லையா நீங்க?"

"முப்பத்தெட்டுப் பேருக்கு ரெண்டு பேரு சிஸ்டர். உடம்பு துடைக்கும்போது திருப்புவேன். மத்த நேரம் இல்ல." அக்கா கைக்குட்டையைப் பிரித்து மறுபடியும் முறுக்கினார். "அவரு கம்பியைத் தட்டுவாரு. எனக்குக் கேக்கும். கேட்டும் போகல. அது என் பாவம்தான்."

"அப்ப கட்டத்தை ஏன் நிரப்பினீங்க?"

"அவங்க சொல்லுவாங்கல்ல. டூட்டிக்கு வந்ததும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிடு, அப்புறம் நேரம் கிடைச்சா ஆளைத் திருப்பு. எழுதாதது நடக்காதது, எழுதினது நடந்தது."

அந்த வாக்கியத்தை அவள் பதினோரு வருடத்துக்கு முன் கேட்டிருக்கிறாள். அதே வார்டு, அதே குரல், ஒரு சொல் கூடக் குறைய இல்லை.

"உள்ள ஏன் இதைச் சொல்லல?"

"நான் சொன்னா யாரு நம்புவா? எனக்கு யாரு சாட்சி?"

அப்போது டீக் கோப்பையுடன் மணிக்கூண்டு வந்தாள். கான்ட்ராக்ட் அக்கா ஒதுங்கிக்கொண்டார்.

"என்ன, ஆள் கிடைச்சாச்சு. இனி மனசை ஆத்திக்கோ" என்றாள். பிறகு குனிந்து, டீயை ஊதுகிற மாதிரி மெல்லச் சொன்னாள்: "என்கிட்ட தொழில் கத்துக்கிட்டவங்க நூறு பேரு இந்த ஆஸ்பத்திரியில இருக்காங்க. ஒருத்தி வந்து வாயைத் திறக்கட்டும் பார்ப்போம். திறக்கிறவ தன் கையையும் சேர்த்து நீட்டணுமே!"

மணிக்கூண்டு உள்ளே போய்விட்டாள். எய்தவள் டீக் கோப்பையோடு போனாள், அம்பு ஜன்னலோரம் அழுதுகொண்டிருந்தது. சர்ஜரி சிஸ்டர் ஆத்திரத்தில் உறையைப் பிரித்து ஸ்கேன் ரிஜிஸ்டர் நகலை எடுத்தாள். வேறு ஏதாவது கிடைக்காதா, ஒரு பெயர், ஒரு முத்திரை? வந்த நேரம், போன நேரம் என்ற இரண்டு கட்டங்களைத் தவிர இந்த நாற்பது நாளில் அவள் வேறெதையும் பார்த்ததில்லை. இப்போது கடைசிக் கட்டத்தைப் பார்த்தாள். 'உடன் இருந்தவர்'. அதில் அவள் கையெழுத்து இருந்தது.

ஆறாம் தேதி காலை அவளுக்கு டூட்டி. எட்டு மணிக்கு வந்ததும், வழக்கம்போல, பேனாவை எடுத்து ஒன்பதாம் கட்டிலின் சார்ட்டை இரண்டு மணிவரை நிரப்பினாள். எட்டு மல்லாக்க, பத்து இடது, பன்னிரண்டு வலது, இரண்டு மல்லாக்க. ஒன்பதாம் கட்டிலில் ஒரு தச்சர். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர், தானாகப் புரள முடியாது. ஒன்பதரைக்கு அப்பாவை ஸ்கேனுக்குக் கொண்டுபோவதாகச் செய்தி வந்தது. கூட இருந்தவளிடம் "கொஞ்சம் பார்த்துக்கோ, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினாள். மூன்று மணி நேரம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த மூன்று மணி நேரமும் தச்சர் மல்லாக்கக் கிடந்தார். சார்ட்டில் மட்டும் இரண்டு தடவை புரண்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவளோ அதை நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு நாற்பது நாள் சுற்றியிருக்கிறாள்.

தாளைக் கிழித்துவிடலாம். அக்கா போவார், வழக்கு முடியும், அவள் வேலை நிலைக்கும். ஆனால் மணிக்கூண்டும் நிற்பாள்.

இதைத் தியாகம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். நேர்மை பொங்கி வந்து அவள் கதவைத் தள்ளவில்லை. தன் கழுத்தோடு கழுத்தாக அந்தக் கழுத்தையும் இழுத்துக்கொண்டு விழலாம் என்று தெரிந்ததும், ஒரு சந்தோஷமே வந்தது. குழு மறுபடியும் கூடியதும் உள்ளே போனாள்.

"சார், இந்த அம்மா பொய் சொல்றாங்க. கான்ட்ராக்ட் அக்காவை எழுதச் சொன்னவங்க இவங்கதான். நான் சாட்சி."

"நீங்க எப்படிச் சாட்சி ஆவீங்க?"

"எனக்கும் இவங்கதான் அப்படிக் கத்துக் கொடுத்தாங்க. வேலைக்குச் சேர்ந்த அன்னிலேர்ந்து நானும் அப்படித்தான் எழுதறேன். எங்கப்பா முதுகு புண்ணாகிக் கிடந்த நாள்லயும் அப்படித்தான் எழுதினேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களாம்மா?"

"தெரியும் சார். எங்க வார்டு ஒன்பதாம் கட்டில், ஆறாம் தேதி சார்ட்டை எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இந்த ரிஜிஸ்டர்ல கடைசிக் கட்டத்தையும் பாருங்க."

மாடியிலிருந்து சார்ட் வந்தது. அப்பாவின் சார்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பத்து இடது, பன்னிரண்டு வலது. இரண்டு வார்டு, இரண்டு கை, ஒரே மாதிரியான பொய்.

"சார், இவ பழி வாங்கறா!" மணிக்கூண்டு எழுந்துவிட்டாள்.

"பழிதான் வாங்கறேன் சார். பொய் சொல்லல."

அப்போது கதவருகிலிருந்து கான்ட்ராக்ட் அக்காவின் குரல் வந்தது. "எனக்கும் அப்படித்தான் சார் சொன்னாங்க. முதல்ல பயந்துட்டு இல்லைன்னுட்டேன்."

அந்த முகம் அப்போது விழுந்தது. கன்னம் தொங்கி, வாய் ஒரு பக்கம் கோணி, ஒரே நிமிடத்தில் பத்து வயது கூடிப்போயிற்று. சர்ஜரி சிஸ்டர் கண்ணை எடுக்காமல் கடைசிவரை பார்த்தாள். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கவில்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்ப் பதிவுதான்.

அடுத்த வாரத்தில் பூனைக்கு மணி கட்டியாயிற்று என்று தெரிந்து இன்னும் ஏழு பேர் வந்து சொன்னார்கள். மணிக்கூண்டுக்கு நாற்காலியும் போயிற்று, வார்டும் போயிற்று. சான்றிதழ்களைக் கழற்றும் நாளைக் கேட்டறிந்து, கீழே போய் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தாள். சுவரில் மூன்று வெள்ளைச் சதுரங்கள் மிஞ்சின. வார்டுக்கு மூன்று நர்ஸ்கள் கூடுதலாக வந்தார்கள். கான்ட்ராக்ட் அக்காவுக்கு எச்சரிக்கையோடு போயிற்று. நம்மவளுக்கு ஒரு வருடம் நர்ஸ் பதிவு நிறுத்தம், அதுவரை வேலையும் இல்லை.

"இப்ப திருப்தியாக்கா?" என்று தம்பி போனில் கேட்டான்.

"திருப்திதான்டா" என்றாள்.

கடைசி டூட்டி முடிந்ததும், சீருடையோடு, அடையாள அட்டையையும் லாக்கர் சாவியையும் ஒப்படைக்கப் பதிவு அறைக்குப் போனாள். கவுன்ட்டரில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். கையில் ஆஸ்பத்திரி அனுப்பிய கடிதம். பொய்ப் பதிவு கண்டுபிடிக்கப்பட்டால் அந்த நோயாளியின் குடும்பத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பெரியவர் விண்ணப்பத் தாளை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஒன்பதாம் கட்டில். என் அப்பா" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனதுலேர்ந்து குதிகால்ல புண்ணு. எங்களுக்குப் பார்க்கத் தெரியலன்னு நினைச்சோம். மாசக்கணக்காச்சு, இன்னும் ஆறல. உளி பிடிச்ச மனுஷன், எழுந்து நிக்க முடியாம அழறாரு." பிறகு திரும்பி, வெள்ளைச் சீருடையைப் பார்த்துவிட்டு, "இந்த நர்ஸ் யாருன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டாள்.

பெரியவர் மேசை டிராயரைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார். தெரியாது என்று சொல்லிவிட்டுச் சாவியை வைத்துவிட்டுப் போயிருக்கலாம்.

"நான்தான்."

அந்தப் பெண் கத்தவில்லை. பார்த்தாள். அந்தப் பார்வை நம்மவளுக்குத் தெரியும், நாற்பது நாள் தன் கண்ணாடியில் பார்த்த பார்வை.

"உங்க அப்பாவா இருந்தா இப்படிப் பண்ணியிருப்பீங்களா?"

சொல்ல அவளிடம் பதில் இருந்தது. அந்த மூன்று மணி நேரமும் நான் என் அப்பாவோடுதான் இருந்தேன், அவருக்கும் இன்னொருத்தி இதையேதான் செய்தாள். அதைச் சொல்லித் தப்பிக்க அந்தப் பெண்ணின் அப்பா குதிகால் புண்ணோடு வீட்டில் காத்திருக்கவில்லை.

"சார்ட்டை மட்டும் வாங்கிட்டுப் போயிடாதீங்க" என்றாள். "ஸ்கேன் ரூம் ரிஜிஸ்டரும் வேணும்னு எழுதுங்க. அதே ஆறாம் தேதி. கடைசியில உடன் இருந்தவர்னு ஒரு கட்டம் இருக்கும். அதைப் பார்க்காம விட்டுடாதீங்க."

பெரியவர் பேனாவை நீட்டினார். அந்தப் பெண் வாங்கி, குனிந்து எழுதத் தொடங்கினாள். இரண்டாவது வரியிலேயே தாள் கிழிந்தது. பெரியவர் இன்னொரு தாளை எடுத்து வைத்தார்.